கேம்பர் வண்டியில் ஏலகிரி போகிறீர்களா? ஹீட்டரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்

வேலூர்க்காரர்களுக்கு வெயில் தெரிந்த அளவுக்குக் குளிர் தெரியாது. நான் ஏமாந்ததும் அதனால்தான்.

போன மார்கழியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஏலகிரியில் இரண்டு ராத்திரி தங்குவதற்காக, காட்பாடி பக்கம் ஒருவரிடம் கேம்பர் வண்டி வாடகைக்கு எடுத்தேன். பழைய டெம்போ டிராவலரில் படுக்கை போட்டு மாற்றியது. "சுவர் முழுக்க இன்சுலேஷன் சார், ஹீட்டரும் இருக்கு, ஸ்வெட்டரே வேணாம்" என்றார். நாளுக்கு 6,500 ரூபாய், அட்வான்ஸ் 10,000.

மலையேறி இருட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரெக்சின் பிரிந்திருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை, நேராகத் தகரம், ஜில்லென்று. ஹீட்டர் என்று அவர் சொன்னது சிலிண்டரில் மாட்டி எரிக்கிற கேஸ் ஹீட்டர். புகை வெளியேறக் குழாய் கிடையாது. போன் செய்து கேட்டேன். "ஜன்னலெல்லாம் நல்லா மூடிட்டுப் போடுங்க சார், சூடு நிக்கும்" என்றார்.

பத்து மணிக்குப் பற்றவைத்தோம். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. கேஸ் எரிந்தால் நீராவி வரும், உள்ளே காற்றோட்டமே இல்லை என்பதற்கு அது அடையாளம். அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு மணி இருக்கும், சின்னவள் வாந்தி எடுத்தாள். அம்மா தலை சுற்றுகிறது என்றார்கள். எனக்கு நெற்றி விண்விண்ணென்று தெறித்தது, எழுந்தால் கால் நிற்கவில்லை. எப்படியோ கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே இழுத்துப் போட்டேன். மீதி ராத்திரி பனியில், போர்வைக்குள்.

காலையில் வாணியம்பாடியில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் மாட்டும் கருவி 97 சதவீதம் காட்டியது. அதை நம்பக்கூடாது என்றார் டாக்டர். காற்றோட்டமில்லாத இடத்தில் கேஸ் சரியாக எரியாதபோது வரும் விஷவாயு கார்பன் மோனாக்சைடு. அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருவிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ரத்தப் பரிசோதனைதான் காட்டும். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்துகிடந்ததும் ஜெனரேட்டரிலிருந்து கசிந்த இதே வாயுவால்தான்.

வண்டிக்காரரிடம் சொன்னால், "பாப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கல சார்" என்கிறார். வாந்தியைக் கழுவிய செலவு என்று அட்வான்ஸில் 4,000 பிடித்துக்கொண்டார். பணம் போகட்டும். அந்த வண்டி அதே ஹீட்டரோடு இன்னும் ஓடுகிறது, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வண்டி எடுக்கும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: புகை எங்கே போகிறது? ஒழுங்கான டீசல் ஹீட்டருக்கு எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வரும், புகை வண்டிக்கு அடியில் குழாய் வழியாகப் போய்விடும், சூட்டுக் காற்று மட்டும்தான் உள்ளே வரும். பதில் தடுமாறினால் எடுக்காதீர்கள். கரி அடுப்பும் கூடாது, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் பேட்டரியில் ஓடுவது கிடைக்கிறது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் தை மாதம் வேறொரு வண்டியில் போனோம், ஹீட்டரே இல்லாமல். கீழே கோரைப்பாய், அதன்மேல் இரண்டு ஜமக்காளம், ஏனென்றால் குளிர் அடியிலிருந்துதான் ஏறுகிறது. ஜன்னல்களுக்கு அட்டை, காலடியில் வெந்நீர்ப் பை, கூரைத் திறப்பு மட்டும் இரண்டு விரல் அகலம் திறந்தபடி. பிள்ளைகள் விடியும்வரை அசையவில்லை. நான் மட்டும் நாலைந்து தடவை எழுந்து அவர்கள் மூச்சைப் பார்த்தேன்.