சோலாரில் இ-சைக்கிள் சார்ஜ்: நேரடியாகவா, இன்வெர்ட்டர் வழியாகவா?

சொந்த வீடு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. கூரையில் போட்டுவிட்டு வழக்கமான பிளக்கிலேயே சார்ஜ் செய்யலாம். வட சென்னை தண்டையார்பேட்டையில் வாடகைக்கு இருப்பவர்கள் பாடு வேறு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஓனரின் மீட்டரோடு நின்றுவிடும். நமக்கு சப்-மீட்டர் கணக்கு. மாடியில் ஒரு பேனல் வைக்க அவர் சம்மதித்தால் இரண்டு வழி உண்டு.

பலரும் சொல்வது: பேனல், நடுவில் லெட் ஆசிட் பேட்டரி, இன்வெர்ட்டர், அதில் சைக்கிளோடு வந்த சார்ஜர். நான் எடுத்தது: பூஸ்ட் வகை எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனலின் வோல்டேஜைப் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு உயர்த்தி, பேனல் தருவதை முடிந்த மட்டும் கறக்கும் கருவி) வைத்து, பேனலிலிருந்து நேரே சைக்கிள் பேட்டரிக்கு.

என்னுடையது 48 வோல்ட், 12 ஏஹெச். அரை யூனிட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும். நல்ல வெயிலில் 200 வாட் பேனலே நேர்வழியில் போதும். இன்வெர்ட்டர் வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் கரைந்து, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும்.

அதைக்கூடப் பெரிய பேனல் போட்டுச் சமாளிக்கலாம். பராமரிப்பை எதைப் போட்டுச் சமாளிப்பது? ராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக்காற்று. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். சுரண்டி வாசலின் தடவ வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் பார்த்து ஊற்ற வேண்டும். 150 ஏஹெச் டியூபுலர் வகை லெட் ஆசிட் பேட்டரி என்றால் ஐம்பது கிலோ தாண்டும், வீடு மாறும்போது தூக்க இரண்டு ஆள் தேவை. சில வருடத்தில் அதையும் மாற்ற வேண்டும், விலை பத்தாயிரத்துக்கு மேல். சைக்கிளுக்கு ஒரு பேட்டரியைப் பார்த்துக்கொள்வதே வேலை; அதற்குச் சோறு போட இன்னொன்றா?

நேர்வழியில் மிஞ்சுவது பேனலைத் துடைப்பதுதான். எங்கள் பக்கம் சாம்பலும் உப்பும் சேர்ந்து படியும். போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும். மெட்ரோ தண்ணீரில் நனைத்த துணி, வெயில் ஏறும் முன். அப்புறம், மாடி வீட்டு அக்காவின் கொடியில் தொங்கும் ஒரு புடவையின் நிழல் போதும், சார்ஜ் படுத்துவிடும்.

கன்ட்ரோலரில் வோல்டேஜை நாமே சரியாக வைக்க வேண்டும். 13 செல் வரிசை லித்தியம் அயான் என்றால் 54.6 வோல்ட், எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) என்றால் வேறு. பேட்டரிக்குள்ளேயே பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதே என்று அலட்சியம் கூடாது, அது கடைசிக் காவல்தான். 45 டிகிரிக்கு மேல் சூடான பேட்டரியை சார்ஜ் செய்யக் கூடாது. அதனால் மாடியில் பேனல் மட்டும், பேட்டரி வீட்டுக்குள்.

நான் விடியுமுன் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போய் எட்டு மணிக்குள் திரும்புபவன். பகலெல்லாம் சைக்கிள் வீட்டில் இருப்பதால் இது சரிப்பட்டது. காலையில் கிளம்பி இரவில் வருபவர்களுக்கு இன்வெர்ட்டர் வழி, இல்லையென்றால் கழற்றி மாட்ட இன்னொரு சைக்கிள் பேட்டரி. என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழை. அப்போது பல நாள் சப்-மீட்டரிடமே போனேன். கன்ட்ரோலர் இந்த உப்பில் எத்தனை வருடம் தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.