நோஸைச் சுற்றிய அரை மீட்டர்: டர்ன்அவுட் விசைகளைக் கணிக்கும் மென்பொருளுடன் ஏழு ஆண்டுகள்

அகலப் பாதையில் போடப்படும் 1:12 டர்ன்அவுட் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் அமைப்பு) ஒன்றைக் கணினிக்குள் அமைத்து, அதன்மேல் பயணிகள் பெட்டியையும் சரக்கு வேகனையும் எஞ்சினையும் ஓடவிட்டு, சக்கரம் எந்த இடத்தில் எவ்வளவு விசையோடு தண்டவாளத்தை அடிக்கிறது என்று கணிப்பது ஏழு ஆண்டுகளாக என் பணி. சிம்பேக், ஜென்சிஸ், வேம்பயர் ஆகியவை சேர்ந்த பல்லுறுப்பு இயக்கவியல் (பல உறுப்புகள் இணைந்த அமைப்பின் அசைவைக் கணக்கிடும்) மென்பொருள் வகையில் ஒன்றையே நான் பயன்படுத்துகிறேன். அது எது என்பதைக் குறிப்பிடவில்லை. கீழே சொல்பவற்றில் பெரும்பகுதி இந்த வகை முழுமைக்கும் பொருந்தும் என்பதும், விடை சரியாக வருவதும் தவறாக வருவதும் மென்பொருளின் பெயரைவிட நாம் அதற்குள் செலுத்தும் வடிவ அளவுகளையே சார்ந்திருக்கிறது என்பதும் என் அனுபவம்.

வண்டியை மாதிரியாக்குவது ஒப்பீட்டளவில் எளிது. நிறைகள், ஸ்பிரிங்குகள், டாம்பர்கள் ஆகியவற்றின் மதிப்புகள் கையில் இருந்தால் ஒரு பயணிகள் பெட்டி சில நாட்களில் தயாராகிவிடும். காஸ்னப் போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டக வகை) பொருத்திய சரக்கு வேகன்தான் பொறுமையைச் சோதிக்கும். அதன் ஆப்புகளில் உள்ள உலர் உராய்வு ஒட்டியும் வழுக்கியும் மாறுவதால், கணிப்பி மிகச் சிறிய காலப் படிகளில் நகர வேண்டியிருக்கிறது. பெட்டிக்குச் சில நிமிடங்களில் முடியும் ஓட்டம் வேகனுக்குப் பல மடங்கு நேரம் எடுக்கிறது.

உண்மையான வேலை கிராஸிங்கில், அதாவது இரு தடங்களின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில், இருக்கிறது. அங்கே நடுவிலுள்ள கூர்முனைதான் நோஸ்; அதன் இரு பக்கமும் விலகிச் செல்பவை விங் ரயில்கள். 1:12 கிராஸிங்கில் ஒவ்வொரு 12 மி.மீ. நீளத்துக்கும் நோஸின் அகலம் 1 மி.மீ. கூடுகிறது, 40 மி.மீ. அகலத்தை எட்ட 480 மி.மீ. ஆகிறது. நோஸின் நுனியை நோக்கி எதிர்முகமாக வரும் சக்கரம் விங் ரயிலை விட்டு நோஸுக்கு மாறுவது ஏறத்தாழ இந்த அரை மீட்டருக்குள்தான். விங் ரயில் வெளிப்புறமாக விலகிச் செல்லச் செல்ல, தொடுபுள்ளி சக்கரத்தின் வெளி ஓரத்தை நோக்கி நகர்கிறது. சக்கரத்தின் ஓடுபரப்பு 1:20 சரிவுடையது என்றால் அங்கே ஆரம் குறைவு. ஆகவே அச்சு கீழே இறங்குகிறது. இறங்கும் சரிவு 20-ஐயும் 12-ஐயும் பெருக்கி வரும் 240-க்கு 1. நோஸின்மேல் ஏறும் சரிவும் அதே அளவு என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தின் பாதையில் 120-க்கு 1 என்ற முறிவு விழுகிறது. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் இது வினாடிக்குக் கால் மீட்டர் செங்குத்து வேக மாற்றமாகிறது. ஒரு சக்கரத்துக்குரிய, ஸ்பிரிங்குகளால் தாங்கப்படாத நிறை 1000 கிலோ என்றும், தடத்தின் விறைப்பு மீட்டருக்கு 80 மெகாநியூட்டன் என்றும் கொண்டால், நிலைச்சுமைக்கு மேல் ஏறத்தாழ 70 கிலோநியூட்டன் வருகிறது. தடத்தின் நிறையும் தணிப்பும் சேரும்போது இது ஓரளவு குறையும். 1970-களில் டெர்பியிலிருந்த பிரிட்டிஷ் ரயில்வே ஆய்வாளர்கள் பி1 (கண நேர மோதல் விசை), பி2 (அதைத் தொடர்ந்து வரும் மெதுவான விசை) என்று பிரித்துக் காட்டிய விசைகளில் இது இரண்டாவது. மோட்டார் நேரடியாக அச்சில் தொங்கும் எஞ்சின்களில் அந்த நிறை இரு மடங்கானால் விசை வர்க்கமூல அளவில், அதாவது 1.4 மடங்காகக் கூடுகிறது. ஒரு தாளில் முடியும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்த ஓட்டத்தின் முடிவையும் நான் இப்போது வெளியே கொடுப்பதில்லை.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு தவறு காரணம். இரண்டாம் ஆண்டில், வரைபடத்திலிருந்து 100 மி.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குவெட்டுகளை எடுத்து மென்பொருளில் ஏற்றினேன். அடுத்தடுத்த இரு வெட்டுகளுக்கு இடையே நோஸின் அகலம் 8 மி.மீ.க்கும் மேல் மாறிவிடுகிறது என்பதை நான் பொருட்படுத்தவில்லை. மென்பொருள் வெட்டுகளிலுள்ள புள்ளிகளை நீளவாக்கில் இணைத்துப் பரப்பை உருவாக்கும்போது, ஒரு வெட்டில் நோஸின் உச்சியிலிருந்த புள்ளியை அடுத்த வெட்டில் அதன் ஓரத்திலிருந்த புள்ளியோடு இணைத்து, இரும்பில் இல்லாத ஒரு மேட்டை உண்டாக்கிவிட்டது. சக்கரம் அந்த மேட்டில் மோதியது. விசை வரைபடத்தில் கூர்மையான ஓர் ஊசி எழுந்தது. நான் அதை உண்மையான மோதல் என்று நம்பி, ஒரு மாதம் அதைக் குறைப்பதற்கான வழிகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். தடப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகள் கழித்த மூத்த பொறியாளர் ஒருவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க காட்டுற இடத்துல நோஸ்ல அடி விழுந்த தடமே இருக்காது. இன்னும் ஒரு சாண் தள்ளிப் பாருங்க" என்றார். களத்தில் போய்ப் பார்த்தபோது, சக்கரங்கள் ஓடிப் பளபளக்கும் ஓடுபட்டை அவர் சொன்ன இடத்தில்தான் தொடங்கியது. அதன்பின் நோஸைச் சுற்றி 10 மி.மீ.க்கு ஒரு வெட்டு எடுக்கிறேன்; விங் ரயிலையும் நோஸையும் தனித்தனிப் பரப்புகளாகவே வைக்கிறேன். ஊசி மறைந்தது, மாற்றம் நிகழும் இடமும் களத்தோடு பொருந்தியது.

வரைபட வடிவத்தை மட்டும் நம்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. கிராஸிங்கை வார்க்கப் பயன்படும் மாங்கனீஸ் எஃகு, 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு உருவாக்கிய அந்த உலோகம், தொடக்கத்தில் மென்மையாக இருந்து, அடி வாங்க வாங்கக் கடினப்படும் தன்மையுடையது. அதனால் புதிய கிராஸிங் தொடக்க மாதங்களிலேயே சக்கரங்களுக்கு ஏற்பத் தன் வடிவத்தை மாற்றிக்கொள்கிறது. வரைபட வடிவத்தின்மேல் இரு வளைபரப்புகள் தொடும் இடத்தின் அழுத்தத்தைக் கணிக்கும் ஹெர்ட்ஸ் கோட்பாட்டைப் பயன்படுத்தினால் வரும் தொடு அழுத்தம், அந்த எஃகு நெகிழத் தொடங்கும் எல்லையை எளிதில் தாண்டிவிடுகிறது. அந்த எண்ணை உண்மையான அழுத்தமாகப் படிப்பது தவறு. இரு வடிவங்களில் எது மேல் என்று வரிசைப்படுத்த மட்டுமே நான் அதைப் பயன்படுத்துகிறேன். சக்கரங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நடுவில் குழிந்து தேய்ந்த சக்கரத்தின் வெளி ஓரம் விங் ரயிலில் வேறு விதமாக ஏறி இறங்குவதால், புதிய சக்கரத்துக்குச் சிறந்ததாகத் தெரிந்த வடிவம் அதற்கு மோசமாக அமைவதுண்டு.

தடத்தைப் பொறுத்தவரை, இவ்வகை மென்பொருள்களின் வழக்கமான ஏற்பாடு, ஒவ்வொரு சக்கர அச்சுக்கும் கீழே சில நிறைகளையும் ஸ்பிரிங்குகளையும் வைத்து அவற்றை வண்டியோடு கூடவே நகர்த்துவது. வேகமானது, பெரும்பாலான கேள்விகளுக்குப் போதுமானது. ஆனால் கிராஸிங் வார்ப்பின் கனமும், நீண்ட ஸ்லீப்பர்களும், நோஸுக்குக் கீழே ஜல்லி தளர்ந்து ஸ்லீப்பர் தொங்கும் நிலையும் அதில் தாமாக வருவதில்லை. தடத்தின் நீளவாக்கில் விறைப்பு மாறும் அட்டவணையைத் தனியே தயாரித்துக் கொடுக்கிறேன். தொங்கும் ஸ்லீப்பரை அதுகூடச் சரியாகக் காட்டுவதில்லை. அதற்கு ஸ்லீப்பர்களைத் தனித்தனியாகக் கொண்ட தட மாதிரி தேவை.

புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது, குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மேலுள்ள அதிர்வுகளை நீக்கும் வடிகட்டியை. வண்டிகளை ஏற்பதற்கான ஐரோப்பியத் தரம் ஈஎன் 14363 சக்கர விசைகளை 20 ஹெர்ட்ஸில் வடிகட்டச் சொல்கிறது. மென்பொருளின் ஆயத்த அறிக்கைப் படிவங்களும் பல நேரங்களில் அதையே பின்பற்றுகின்றன. மேலே சொன்ன நிறைக்கும் விறைப்புக்கும் பி2 அதிர்வு ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸில் நிகழ்கிறது. பி1 நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸில். 20 ஹெர்ட்ஸின் ஒரு சுழற்சிக்குள் வண்டி ஒன்றரை மீட்டர் கடந்துவிடும்; நாம் தேடும் நிகழ்வோ அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் முடிந்துவிடுகிறது. ஆகவே தொடுவிசையை வடிகட்டாமல் சேமித்துக்கொண்டு, கேள்விக்கேற்பப் பிறகு வடிகட்டுவதே சரி.

அகலப் பாதைக்கு வருமுன் என் திறனைச் சோதித்துக்கொள்ள, ஹட்டர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகமும் சுவீடனின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அமைத்த டர்ன்அவுட் ஒப்பீட்டுப் பயிற்சி பெரிதும் உதவியது. 245 மீட்டர் ஆரமும் 1:9.25 கோணமும் கொண்ட பிரிட்டிஷ் 56இ1 (தண்டவாள வகையின் பெயர்), 760 மீட்டர் ஆரமும் 1:15 கோணமும் கொண்ட சுவீடிஷ் 60இ1 ஆகிய இரண்டு டர்ன்அவுட்களின் வடிவத் தரவும் தட மதிப்புகளும் அதில் முழுமையாகத் தரப்பட்டுள்ளன. இந்தத் துறைக்குள் வருபவர் யாராக இருந்தாலும் முதலில் அதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்து நம் 1676 மி.மீ. பாதைக்கு மாறும்போது சக்கரங்களின் உட்புற இடைவெளியை 1600 மி.மீ. என்று மாற்றுவதோடு, டர்ன்அவுட்டுக்குள் தண்டவாளம் செங்குத்தாக நிற்கிறதா, வெளியே உள்ளதுபோல் 1:20 சாய்ந்து நிற்கிறதா என்பதையும் வரைபடத்தில் உறுதிசெய்ய வேண்டும். இதை ஒருமுறை தவறவிட்டதில் டர்ன்அவுட்டின் தொடக்கத்தில் நகரும் கூர்த்தண்டவாளமான டங் ரயிலில் தொடுபுள்ளிகள் முழுவதும் இடம் மாறிப்போயின.

இந்த மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்துவேனா என்று கேட்டால், தயக்கமில்லாமல் ஆம் என்பேன். விங் ரயிலை எவ்வளவு உயர்த்தி வார்க்கலாம், தண்டவாளத்துக்கு அடியில் வைக்கும் ரயில் பேடை எவ்வளவு மென்மையாக்கலாம் என்ற கேள்விகளுக்குக் களத்தில் விடை தேட ஆண்டுகள் ஆகும். இங்கே ஒரு வாரம் போதும். இப்போது ஒரே கிராஸிங்கின் குறுக்குவெட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, ஒவ்வோர் அளவையும் மாதிரிக்குள் ஏற்றி வருகிறேன். முதல் இரண்டு அளவுகளுக்கிடையே சக்கரம் மாறும் இடம் நோஸின் நுனியிலிருந்து பின்னோக்கி நகர்ந்திருக்கிறது. மூன்றாவது அளவை வரும் மாதம் எடுக்க வேண்டும்.