மைசூரில் கடைசி நாள்: ஸ்ரீரங்கப்பட்டணமா, தேவராஜா மார்க்கெட்டா?

நண்பர்கள் ஐந்து பேர் மைசூருக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். இரண்டு முறையும் சென்னை திரும்பியது இரவு ரயிலில். லாட்ஜிலோ பகல் பன்னிரண்டுக்கே அறையைக் காலி செய்தாக வேண்டும். நடுவில் கிடைக்கும் அந்த அரை நாளை முதல் முறை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கொடுத்தோம். போன தடவை ஊருக்குள்ளேயே சுற்றினோம். என் ஓட்டு ஊருக்குள் சுற்றுவதற்குத்தான்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் குறை சொல்ல முடியாது. சுமார் 15 கிலோமீட்டர்தான். தரியா தௌலத் மாளிகைச் சுவரில், 1780இல் ஹைதரும் திப்புவும் ஆங்கிலேயப் படையை முறியடித்த பொள்ளிலூர்ப் போரைத் தீட்டியிருக்கிறார்கள். அந்தப் பொள்ளிலூர் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூர்தான் என்று தெரிந்ததும், கூட வந்த காஞ்சிபுரத்துக்காரன் அந்தச் சுவரை விட்டு நகரவே இல்லை.

கெடுத்தது மூட்டைதான். ஐந்து பைகளில் மூன்று டிக்கியில், இரண்டு மடியில். போகிற இடத்தில் எல்லாம் காருக்கு ஒருவர் காவல். ரங்கநாதர் கோயிலுக்குப் போனால் மதியம் நடை சாத்தியிருந்தது. நான்கு மணிக்குத் திறக்கும்வரை காத்திருக்க யாருக்கும் தைரியம் இல்லை. வழியில் நெரிசல் இருந்தால் ரயில் போச்சு. ஊர் பார்த்ததைவிடக் கடிகாரம் பார்த்ததுதான் அதிகம்.

போன தடவை பைகளை மைசூர் ஸ்டேஷன் கிளாக் ரூமில் போட்டோம். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஒருவனுடைய பையில் பூட்டு இல்லை. வெளியே ஓடிப்போய், பைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய பூட்டை வாங்கி வந்தான். அப்புறம் கை வீசிக்கொண்டு நடந்தோம். தேவராஜா மார்க்கெட்டில் குங்குமக் குவியல், மல்லிகை, வெற்றிலை, நஞ்சன்கூடு வாழைப்பழம். குரு ஸ்வீட்ஸில் மைசூர்பாகு. அதைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வழிவந்தவர்கள் நடத்தும் கடை அது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணிக்கு அரண்மனையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே சமயத்தில் எரிந்தபோது மைதானமே ‘ஓ’வென்று கத்தியது. அங்கிருந்து ஸ்டேஷன் ஆட்டோவில் சின்னத் தூரம்தான், பதறவே வேண்டியிருக்கவில்லை. இப்படி நின்று பார்க்கிற அளவுக்கு விளக்கு ஞாயிறும் அரசு விடுமுறையும்தான்; மற்ற நாட்களில் ஒலி-ஒளிக் காட்சி முடிந்ததும் கொஞ்ச நேரம் மட்டும். உங்கள் கடைசி நாள் செவ்வாயோ புதனோ என்றால் தராசு இவ்வளவு சாயாது. எங்கள் கூட்டத்தில் குழந்தைகளும் கிடையாது. அவர்களை வைத்துக்கொண்டு மார்க்கெட் சந்துகளில் அலைவதைவிடக் காரே வசதியாக இருக்கலாம்.

சாமுண்டி மலையா? அதை முதல் நாள் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆயிரம் படி ஏறிய காலோடு ராத்திரி மேல் பர்த்தில் ஏற முடியாது.

பூட்டை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள்.