படம் பட்டமான கதை: ஐ.பி.எம். மாடல் எம், ஆறு வருடம் கழித்து

அம்மாப்பேட்டை நண்பன் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடை, சாக்கு மூட்டைகளுக்கு நடுவே ஐ.பி.எம். மாடல் எம் கீபோர்டு. "மாப்ள, 1,200 ரூபா சொல்றாங்க. எடுக்கட்டுமா?" அன்றைக்குத்தான் என்னுடையதைப் பிரித்துப் போட்டு, மூன்று ராத்திரி உட்கார்ந்து திரும்பப் பூட்டி முடித்திருந்தேன். விரல் வீங்கியிருந்தது. அப்போது பதில் போடவில்லை; இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் கழித்துப் போட்டது. முதுகு லேபிளில் 1989. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் கீபோர்டு: நல்ல கனம், 101 கீ, விண்டோஸ் கீ கிடையாது.

நான் சொல்ல வந்தது அந்த 'டக்'. ஒவ்வொரு கீக்கும் அடியில் ஒரு சுருள்வில். அமுக்கினால் ஓரிடம் வரை தாங்கும், பிறகு சட்டென்று பக்கவாட்டில் மடங்கும். மடங்கும் வேகத்தில் அடியிலிருக்கும் குட்டிச் சுத்தியல் மெம்ப்ரேனை, அதாவது தட்டை மின்சிக்னலாக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை, தட்டும். சத்தமும் எழுத்து பதிவதும் ஒரே நொடியில் நடக்கும். நான் அடிப்பது தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில். அதில் 'ஏற்காடு' என்று அடிக்க ஏழு தட்டு: ஏ, ற, புள்ளி, க, ஆ, ட, உ. மார்கழியில் பனி இறங்கி ஊரே அடங்கிய பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அடிப்பேன். ஏழு 'டக்' காதில் விழுந்தால் ஏற்காடு வந்துவிட்டது, திரையைப் பார்க்கவே வேண்டாம். நிறையக் காசு கொடுத்து வாங்கிய ஒல்லி கீபோர்டு ஒன்றும் வீட்டில் இருக்கிறது. அதில் விரல் இறங்குவதே தெரியாது.

இரண்டு வருடமாக என் உயிரை எடுத்தது வேறு. தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானே புள்ளி விழும். அ-ம-ம-ஆ என்று அடித்தால் அம்மா. அருமையான ஏற்பாடு. ஆனால் கீபோர்டு ஒரு தட்டை இரண்டாக அனுப்பினால்? ஆங்கிலத்தில் அது பிழையாகக் கண்ணில் படும். தமிழில் அது வேறொரு நல்ல சொல்லாகிவிடும். படி பட்டியாகும், குடி குட்டியாகும். பிழைதிருத்தி வாயைத் திறக்காது. பெரியப்பாவின் படத்திறப்பு அழைப்பிதழை நான்தான் அடித்தேன். 'பட்டத்திறப்பு' என்று 200 பிரதி அச்சாகி வந்தது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

பழைய கீபோர்டின் வட்டப் பின்னை (பி.எஸ்/2) இன்றைய யு.எஸ்.பி.யில் செருக ஒரு மாற்றி வைத்திருந்தேன். பழியை அதன் மேல் போட்டேன். பாதி நியாயம்தான். இந்தக் கீபோர்டு இழுக்கும் மின்சாரம் இன்றைய கீபோர்டுகளைவிட அதிகம். மலிவு மாற்றிகளில் பல தாங்காது. நான் வாங்கியது வேகமாக அடித்தால் கடைசிப் புள்ளியை முழுங்கி, சேலத்தைச் 'சேலம' ஆக்கியது. விற்றவர் "உங்க கீபோர்டு பழசு சார்" என்றார். பழசு என்று தெரிந்துதானே மாற்றி கேட்டேன்!

கடைசியில் ராஸ்ப்பெர்ரி பை பிக்கோவை வைத்து நானே ஒரு மாற்றி செய்தேன். 2021-இல் 4 டாலருக்கு வந்த, நாமே புரோகிராம் எழுதிப் போடக்கூடிய குட்டி எலக்ட்ரானிக் பலகை. கீபோர்டு 5 வோல்ட், பிக்கோ 3.3 வோல்ட் என்பதால் நடுவில் வோல்ட்டைப் பொருத்தித் தரும் ஒரு லெவல் கன்வெர்ட்டர். கேப்ஸ் லாக்கை விண்டோஸ் கீயாக மாற்றிக்கொண்டேன், மொழி மாற்ற இப்போது அதையும் ஸ்பேஸையும் தட்டினால் போதும். புதுசும் பழசும் இப்படிக் கைகோத்து வேலை செய்வதைப் பார்க்கத்தான் இந்தப் பைத்தியமெல்லாம். புள்ளி திரும்ப வந்தது. ஆனால் இரட்டிப்பு போகவில்லை.

கீபோர்டைத் தூக்கிக் குலுக்கியபோதுதான் புரிந்தது. உள்ளே கலகலவென்று சத்தம். பிளாஸ்டிக் தட்டையும் இரும்புத் தகட்டையும் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகளில் பதினேழின் தலை ஒடிந்து கிடந்தது. பிடிப்பு தளர்ந்ததால்தான் ஒரு தட்டு இரண்டாகப் பதிந்திருக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிளாஸ்டிக், யாரைக் குறை சொல்வது? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய், 2 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் வாங்கி வந்தேன். மலைப் பனிக்குச் சாதா இரும்பு சரிப்படாது. தகட்டை எடுத்தால் அத்தனை சுத்தியலும் உதிரும் என்பதால் கவிழ்த்து வைத்தே வேலை. துளை போட்டு, ஒவ்வொன்றாக முடுக்கினேன்.

முடித்ததும் 'படத்திறப்பு' என்று நூறு முறை அடித்தேன். ஒன்றுகூட இரட்டிக்கவில்லை.

ஆனால் சத்தம் மாறிவிட்டது. முன்பு 'டக்'குக்குப் பின்னால் வெண்கலம் போல ஒரு மெல்லிய ரீங்காரம் நிற்கும். இப்போது தட்டு இறுகியதில் அது இல்லை. அடுத்த அறையிலிருந்து என் மனைவி, "புதுசு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள்.

வேண்டாம் மாப்ள. 1,200 ரூபாய் நியாயமான விலைதான், தமிழ் அடிக்க இதைவிட நல்ல கீபோர்டு நான் தொட்டதில்லை. இருந்தாலும் எடுக்காதே. எடுத்தே தீருவேன் என்றால் கடையிலேயே குலுக்கிப் பார். கலகலத்தால் அங்கேயே வைத்துவிட்டு வா.