11 ஆண்டுகள் கையில் சுழன்ற விண்மீன் வட்டு: கொடைக்கானல் மேல்மலையிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

2014ஆம் ஆண்டு மதுரையில் நடந்த ஓர் அறிவியல் கண்காட்சியில் 120 ரூபாய் கொடுத்து வாங்கிய விண்மீன் வட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. ஒரு மழைக்காலம் தாங்குமா என்று நினைத்துத்தான் வாங்கினேன். மன்னவனூர்ப் பக்கத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு, ஆண்டில் பாதி நாள் மூடுபனிக்குள் வாழும் எனக்கு, 11 ஆண்டுகளாக அது எப்படி உழைத்தது, எங்கே என்னை ஏமாற்றியது, எப்படிப் பழுது பார்த்தேன் என்பதையெல்லாம், இப்படி ஒன்றை வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

கடைகளில் பிளானிஸ்பியர் என்று கேட்டால்தான் புரிந்துகொள்வார்கள். என் மாணவர்களுக்கு அது வெறும் சக்கரம். சன்னல் வெட்டிய இரண்டு தடித்த அட்டைகள், அவற்றுக்கு நடுவில் 24 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு வட்ட அட்டை, மூன்றையும் நடுவில் கோக்கும் ஒரு பித்தளைக் கண்ணி, அவ்வளவுதான் பொருள். வட்டின் விளிம்பில் ஆண்டின் எல்லா நாள்களும் 2 மில்லிமீட்டருக்கு ஒரு கோடாக அச்சிடப்பட்டிருக்கின்றன. வெளி அட்டையில் 24 மணி நேரமும் வளையமாக இருக்கிறது. இன்றைய தேதிக்கோட்டை இப்போதைய மணிக்கு நேராகத் திருப்பினால், அந்த நேரத்து வானம் சன்னலில் வந்து நிற்கும்.

இதற்கு முன்பு என் சித்தப்பா மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரு வட்டும் என்னிடம் இருந்தது. மிக அழகான பொருள். ஆனால் 40 பாகை வட அகலாங்குக்காக, அதாவது அட்சரேகைக்காக, செய்யப்பட்டது. அதன்படி பார்த்தால் துருவ நட்சத்திரம் வடக்கே பாதி வானம்வரை ஏறி நிற்க வேண்டும். நம் மலையோ 10 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆகவே இங்கே அது அடிவானத்திலிருந்து, கையை நீட்டிப் பிடித்த ஒரு முட்டியளவு உயரத்தில்தான் இருக்கும். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தைல மரங்களுக்குப் பின்னால் அது முழுதாக மறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை, மாசி மாதத்து முன்னிரவில் தெற்கே 27 பாகை உயரத்தில் பளிச்சென்று நிற்கும் அகத்தியர் நட்சத்திரம் அந்த வட்டிலேயே இல்லை என்பது. 40 பாகையில் வாழ்பவர்களுக்கு அது உதிப்பதே இல்லை என்பதால் அச்சிடவில்லை. இரண்டு மாதம் தவறான வானத்தைத் தேடிக்கொண்டிருந்த பிறகே எனக்கு இது விளங்கியது. ஆகையால் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அட்டையில் அச்சிட்டிருக்கும் அகலாங்கு எண்ணைத்தான்.

மதுரையில் வாங்கியது 10 பாகைக்கு உரியது. இரண்டு பக்கமும் பயன்படுவது. முன்பக்கச் சன்னல் வடக்கு நோக்கி நிற்பவருக்கு, பின்பக்கச் சன்னல் தெற்கு நோக்கி நிற்பவருக்கு. நடுவட்டின் ஒரு முகத்தில் வடதுருவமும் மறு முகத்தில் தென்துருவமும் மையமாக அச்சிடப்பட்டிருக்கின்றன. இந்த அமைப்பில் உள்ள ஒரு நுட்பத்தைக் கண்டுகொள்ள எனக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்தது. ஒரு சனிக்கிழமை இரவு ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் புல்வெளிக்கு அழைத்துப் போயிருந்தபோது, வடக்கே பார்த்தால் விண்மீன்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவதும், தெற்கே பார்த்தால் கடிகார முள் போலவே சுற்றுவதும் ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். பதில் சொல்வதற்காக வட்டை முன்பக்கம் எதிர்ச்சுற்றாகத் திருப்பிக்கொண்டே, அவளை அட்டைக்குப் பின்னால் போய் நின்று பார்க்கச் சொன்னேன். பின்னாலிருந்து பார்த்தவளுக்கு அதே வட்டு வலச்சுற்றாகச் சுழன்றது. வானம் இரண்டு விதமாகச் சுற்றவில்லை, நாம்தான் இரண்டு பக்கமாக நிற்கிறோம் என்பதை அந்த அட்டை ஒரு சொல்லும் இல்லாமல் காட்டிவிட்டது. அப்படிக் காட்டிய வேறொரு கற்பித்தல் கருவி என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

அடுத்து, பெரும்பாலானவர்கள் அறியாமல் விட்டுவிடும் நேரத் திருத்தம். நம் கைக்கடிகாரம் காட்டுவது 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டின் (தீர்க்கரேகையின்) நேரம்; இந்தியா முழுவதற்கும் அதுவே பொது நேரம். கொடைக்கானல் இருப்பதோ ஏறக்குறைய 77½ பாகையில். 5 பாகை வேறுபாட்டுக்கு, பாகைக்கு 4 நிமிடம் வீதம், 20 நிமிடம் நாம் பின்னால் இருக்கிறோம். எனவே கடிகாரம் 9 மணி என்றால் வட்டில் 8:40க்கு வைக்க வேண்டும். இதைச் செய்யாத முதல் சில மாதங்களில் வட்டு காட்டிய வானம் எப்போதும் மேற்கே 5 பாகை, அதாவது நீட்டிய கையில் மூன்று விரல் அகலம், தள்ளியே இருந்தது. நான் அச்சுப் பிழை என்று நினைத்து அட்டையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கோவையிலும் ஊட்டியிலும் இருப்பவர்கள் 22, 23 நிமிடம் கழித்துக்கொள்ள வேண்டும். சென்னைக்கு 9 நிமிடம் போதும். வெளி அட்டையின் மூலையில் மார்க்கர் பேனாவால் ‘கடிகாரம் கழித்தல் 20’ என்று எழுதி வைத்த பிறகு பிழையே நேர்ந்ததில்லை.

இந்தத் திருத்தத்தின் மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரால்தான். மலைப்பூண்டு போட்டிருக்கும் தோட்டத்தில் காட்டுமாடு இறங்காமல் பல ஆண்டுகள் இராக்காவல் இருந்தவர். வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தை பொறந்த வாரத்துல ஆறாமீன் அந்த மேக்கு மலையில எறங்குச்சுன்னா ரெண்டு மணி ஆச்சுன்னு அர்த்தம் டீச்சர், உங்க சக்கரம் என்ன சொல்லுது?” என்று கேட்டார். ஆறாமீன் என்பது கார்த்திகைக் கூட்டம். நான் தை 6ஆம் நாளுக்கு வைத்துத் திருப்பினேன். கார்த்திகை சன்னலின் மேற்கு விளிம்பைத் தொட்டபோது மணி வளையம் 2:10 காட்டியது. 20 நிமிடம் கூட்டினால் கடிகாரத்தில் 2:30. அரை மணி வித்தியாசம் வருகிறதே தாத்தா என்றேன். அவர் சற்றும் தயங்காமல், “உங்க அட்டைக்கு மலை கெடையாதே” என்றார். சரியாகச் சொன்னார். வட்டின் அடிவானம் கடல்மட்டம் போலத் தட்டையானது. எங்கள் மேற்கு மலையோ 5 பாகை உயரம் எழுந்து நிற்கிறது, அதற்கு 20 நிமிடம் முன்னதாகவே மீன்கள் மறைந்துவிடும். அவர் கணக்கும் அட்டையின் கணக்கும் பத்து நிமிடத்துக்குள் ஒத்துப்போயின. அன்றிலிருந்து எங்கள் முற்றத்திலிருந்து தெரியும் மலை முகடுகளை முட்டியாலும் விரலாலும் அளந்து, சன்னலின் மேலுள்ள பிளாஸ்டிக் தாளில் மெல்லிய கோடாக வரைந்துவைத்திருக்கிறேன். மலையில் வாழ்பவர்கள் இதைச் செய்யாமல் வட்டை முழுமையாகப் பயன்படுத்த முடியாது.

24 மணி வளையம் இருப்பதால் பகல் வானத்தையும் பார்க்கலாம் என்பதை ஒரு திருமண வீட்டில் உணர்ந்தேன். அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் சடங்கில் பெரும்பாலும் பட்டப்பகலில்தான் விரலை நீட்டுகிறோம். அந்த நேரத்தில் அருந்ததி உண்மையில் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தேன். தை மாதத்து முகூர்த்தம் காலை 7 மணிக்கு என்றால், வசிட்டரும் அருந்ததியும் வடக்கு வடமேற்கில் 40 பாகைக்கு மேல் உயர்ந்து, சூரிய ஒளிக்குப் பின்னால் இருக்கவே செய்கின்றன. காட்டும் விரல் பொய்யாகாது. ஆவணி மாதத்தில் அதே 7 மணிக்கு அவை அடிவானத்துக்குக் கீழே இருக்கும். எட்டரை மணி வாக்கில்தான் எழும். இப்போது உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழ் வந்தால் முகூர்த்த நேரத்துக்கு வட்டைத் திருப்பிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

வட்டில் மீன்களின் புள்ளிகள் ஒளிக்கு ஏற்ப நான்கு அளவுகளில் இருக்கின்றன. இதன் அருமை 2020 பிப்ரவரியில் தெரிந்தது. திருவாதிரை மங்கிக்கொண்டு வருகிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு முற்றத்தில் நின்றேன். வட்டில் திருவாதிரையும் ரோகிணியும் ஒரே அளவுப் பெரிய புள்ளிகள். வேட்டைக்காரன் (ஓரியன்) என்னும் மீன்கூட்டத்தில் திருவாதிரை ஒரு தோள்; மற்றொரு தோளில் உள்ள பெல்லாட்ரிக்ஸ் அடுத்த சிறிய அளவு. வானத்திலோ திருவாதிரை ரோகிணியோடு சேரவில்லை, பெல்லாட்ரிக்ஸின் அளவுக்கு இறங்கி நின்றது. அட்டையில் பெரியதாகவும் வானில் சிறியதாகவும் ஒரே மீனை மாறி மாறிப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஊரடங்கில் வீட்டோடு இருந்த ஏப்ரல் மாதத்தில் அது மீண்டும் பழைய ஒளியை நெருங்கிவிட்டது. அந்த விண்மீன் வெளியே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி அதன் முகத்தை மறைத்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

கோள்கள் இடம்மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் அவற்றை எந்த வட்டிலும் அச்சிட முடியாது. என் வட்டின் பின் அட்டையில் இருந்த கோள் அட்டவணையும் 2020உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு, கோள்களின் உண்மை நிலையை இன்றைய வானியல் கணக்கால் தரும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தைப் பார்த்து, கோள் இருக்கும் ராசியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறேன். 2020 டிசம்பர் 21 மாலை, மேகம் விலகிய அரை மணி நேரத்தில், மேற்கே குருவும் சனியும் ஒன்றையொன்று தொடுவதுபோல் மகரத்தில் நின்றதைப் பிள்ளைகளோடு பார்த்தேன். பழைய வாய்பாடுகளைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி சனி மகரத்துக்குப் பெயர்ந்தது டிசம்பர் 27இல்தான். வானத்தை நேரில் பார்த்துக் குறிப்பவர்கள் திருக்கணிதத்தை வைத்துக்கொள்வதே பொருந்தும்.

இனி அட்டையின் உடல்நலம். மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் நடுவட்டு ஈரம் குடித்து உப்பி, வெளி அட்டைகளுக்கு நடுவில் இறுகிக்கொண்டது. வலிந்து திருப்பியதில் விளிம்பில் தை மாதத்துப் பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு அட்டை ஏடேடாகப் பிரிந்துவிட்டது. வெயிலில் காய வைத்தது நான் செய்த தவறு, அது வளைந்துபோனது. இரண்டு கனமான அகராதிகளுக்கு நடுவில் ஒரு வாரம் வைத்து நிமிர்த்தி, விளிம்பில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து, உள்ளே முகப்பவுடர் தூவினேன். வழுவழுப்பாகச் சுழலத் தொடங்கியது. பித்தளைக் கண்ணி களிம்பேறித் தளர்ந்தபோது, வத்தலக்குண்டில் செருப்புத் தைப்பவர் ஒருவர் காலணிக் கயிறு கோக்கும் கண்ணியை அடித்துப் பொருத்திக் கொடுத்தார். கூலி 10 ரூபாய். அது 6 ஆண்டுகளாக அசையவில்லை. இப்போது பிஸ்கட் டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன்.

அச்சில் எனக்கு வருத்தம் தந்த குறை ஒன்று உண்டு. இருளுக்குப் பழகிய கண் கெடாமலிருக்க டார்ச்சில் சிவப்பு ஜிகினாத் தாளைக் கட்டிக்கொண்டுதான் வட்டைப் பார்க்க வேண்டும்; கண் முழுதாக இருளுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும் என்பதால் ஒரு நொடி வெள்ளை வெளிச்சம்கூட அந்த அரை மணியைக் கெடுத்துவிடும். அப்படியிருக்க, வட்டை வடிவமைத்தவர்கள் மீன்களை இணைக்கும் கோடுகளைச் சிவப்பு மையில் அச்சிட்டிருக்கிறார்கள். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கோடு மறைந்துவிடுகிறது. முதல் இரவிலேயே இதைக் கண்டேன். கருப்புப் பேனாவால் ஒவ்வொரு கோட்டையும் மேலெழுதி முடிக்க ஒரு விடுமுறைக் காலம் ஆயிற்று. பெயர்களும் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தன. மகம், சித்திரை, சுவாதி, கேட்டை, திருவோணம் என்று அதே பேனாவால் நானே எழுதினேன். துருவத்திலிருந்து விலகிய மீன்கூட்டங்கள் விளிம்பில் அகலமாக இழுபட்டுத் தெரிவதும் உண்மை. வேட்டைக்காரன் இரண்டு பக்கத்திலும் தோள் விரிந்தே இருப்பான். இது வளைந்த வானத்தைத் தட்டையில் விரிப்பதால் நேர்வது, தயாரித்தவர்களின் பிழையன்று.

கைபேசிச் செயலிகளும் என்னிடம் உண்டு. கோள்களுக்கு அவை நல்லவை. ஆனால் தை மாதத்து உறைபனி இரவில் கைபேசி மின்கலம் சட்டென்று இறங்கிவிடுகிறது. மேலும், செயலி இந்த நிமிடத்து வானத்தைக் காட்டித் தந்துவிடுகிறது. வட்டிலோ ஒரு மாதம் நகர்த்தினால் 2 மணி நேரம் நகர்கிறது என்பதைப் பிள்ளைகளின் விரல்களே உணர்ந்துகொள்கின்றன. அட்டை பழசாகிவிட்டதே, மீன்கள் இடம் மாறியிருக்காதா என்று கேட்பவர்களுக்கு: பூமியின் அச்சு மெதுவாகத் திரும்புவதால் வானம் ஒரு பாகை நகர ஏறக்குறைய 72 ஆண்டுகள் ஆகும். அது இந்த வட்டில் 2 மில்லிமீட்டர்.

வாங்குபவர்கள் அகலாங்கு 8 முதல் 13 பாகைக்குள் இருக்கிறதா, இருபக்கமும் அச்சிட்டதா, மணி வளையம் முழுதாக இருக்கிறதா, கோடுகள் சிவப்பில்லாத நிறமா, நடுக்கண்ணி உலோகமா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் நாங்கள் இந்த ஆண்டு செய்ததைப் போல நீங்களே செய்யலாம்: என் வட்டின் இரண்டு முகங்களையும் நகலெடுத்து, பழைய நாள்காட்டி அட்டையில் ஒட்டி, நடுவில் சட்டைப் பிரஸ் பட்டன் வைத்தோம். வகுப்பில் 19 வட்டுகள் தயாராயின. அவற்றில் 4 வட்டுகளில் பின்முகத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டதால் தேதிகள் பொருந்தவில்லை. ஜூன் 21ஐ முன்னும் பின்னும் ஊசியால் ஒன்றாகத் துளைத்து நேர்படுத்திவிட்டு ஒட்டினால் அந்தப் பிழை வராது.