போஷ் ஆன்லைன் பயிற்சி: வாங்கும் முன் எந்த ஸ்லைடைப் பார்க்க வேண்டும்?

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (சுருக்கமாக போஷ்) 2013-இல் வந்ததிலிருந்து அதைச் சுற்றி ஒரு பெரிய சந்தையே உருவாகிவிட்டது. ஊழியர் தன் கணினியிலேயே பார்த்து முடிக்கும் ஆன்லைன் பயிற்சிக்கு அதில் நல்ல கிராக்கி. யார் தயாரித்தாலும் அச்சு ஏறக்குறைய ஒன்றுதான்: ஸ்லைடுகள், நடுநடுவே கார்ட்டூன் காட்சிகள், கடைசியில் ஒரு சின்னத் தேர்வு, தேறியதும் சான்றிதழ்.

இந்த வகைப் பயிற்சியை இங்கே ஒரே கோணத்தில்தான் மதிப்பிடுகிறேன். ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு இன்னொருவர் மேல் விருப்பம் வந்தால் எப்படிக் கேட்கலாம், எங்கே நிறுத்திவிட வேண்டும் என்பதை இது சொல்லித் தருகிறதா? பெரும்பாலானவை சொல்லித் தருவதில்லை. பாராட்டாதே, தனியாகக் காபிக்குப் போகாதே, வேலைக்கு வெளியே எதுவும் பேசாதே என்று பயமுறுத்தி அனுப்பிவிடுகின்றன. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. அலுவலகக் காதலை அந்தச் சட்டம் தடை செய்யவே இல்லை. பெண்ணுக்கு விருப்பமில்லாத பாலியல் நடத்தையைத்தான் அது தடுக்கிறது. இந்த வேறுபாட்டை விளக்காத பயிற்சியால் இரண்டு கெடுதல்கள். ஒழுங்காகப் பழகக்கூடியவர் பயந்துபோய், பெண் சக ஊழியருக்கு வேலை கற்றுத்தருவதையே நிறுத்திவிடுகிறார். விடாமல் துரத்துகிறவரோ அந்தக் கார்ட்டூன் வில்லனைப் பார்த்து "நான் இப்படி இல்லையே" என்று நிம்மதியாகச் சான்றிதழ் வாங்கிக்கொள்கிறார்.

சட்ட அறிமுகப் பகுதியில் பெரிய குறை இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்த 1997-இன் விசாகா தீர்ப்பில் தொடங்குவார்கள். பிறகு பிரிவு 2(என்) சொல்லும் ஐந்து வகைச் செயல்கள்: தொடுவதும் அத்துமீறி நெருங்குவதும், பாலியல் சலுகை கேட்பது, பாலியல் சாயலுள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, சொல்லாலோ செய்கையாலோ நடக்கும் வேறு எந்த விரும்பத்தகாத பாலியல் நடத்தையும். 10 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் புகார்களை விசாரிக்கும் உள் குழு வேண்டும். மூத்த பெண் ஊழியர் அதன் தலைவர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணைக்கு 90 நாள், அறிக்கை தர 10 நாள், நிர்வாகம் நடவடிக்கை எடுக்க 60 நாள். இந்த எண்களில் ஏதாவது தவறாக இருந்தால் அந்தப் பயிற்சியை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

கோளாறு தொடங்குவது தேர்வில். இந்த வகைத் தேர்வுகளில் வரக்கூடிய கேள்வி ஒன்று: "'இந்தப் புடவை உங்களுக்கு நல்லா இருக்கு' என்று சக ஊழியரிடம் சொல்வது பாலியல் துன்புறுத்தலா? ஆம் / இல்லை." சரியான விடை "ஆம்" என்று வைத்து, கீழே "தோற்றத்தைப் பற்றிய கருத்துகளைத் தவிர்க்கவும்" என்று ஒரு வரி. இது கேள்வியே அல்ல. சொன்னவர் யார், அவர் கையில் இவருடைய அப்ரைசல் இருக்கிறதா, எத்தனையாவது முறை சொல்கிறார், எல்லார் முன்னாலும் சொன்னாரா அல்லது இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பிலா, முதல் முறை சொன்னபோது அந்தப் பெண் என்ன செய்தார்? இவை தெரியாமல் உள் குழுவே ஒரு முடிவுக்கு வர முடியாது. குழுவால் முடியாததை ஊழியர் ஒரு பட்டனை அழுத்தி முடிவு செய்ய வேண்டுமாம். இதில் அவர் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: வாயைத் திறந்தால் ஆபத்து.

நல்ல தேர்வு இப்படி இருக்கும். ஒரே அணியில், ஒரே நிலையில் இருக்கும் ஓர் ஆணும் பெண்ணும். ஆண் அனுப்பும் முதல் செய்தி: "சனிக்கிழமை காபிக்குப் போலாமா? வேலை விஷயம் இல்ல, உங்களோட பேசணும்னு தோணுச்சு. வேண்டாம்னா பரவாயில்லை." பதில்: "இந்த வாரம் வீட்டுல வேலை இருக்கு." அடுத்த வாரம் இரண்டாவது செய்தி: "இந்த சனிக்கிழமை ஃப்ரீயா?" பதில் இல்லை, நீல டிக் மட்டும். மூன்றாவது நாள்: "ஏன் பதிலே இல்ல? நான் என்ன தப்பா கேட்டேன்?" அன்று மாலை அந்தப் பெண் கிளம்பும் நேரம் பார்த்து லிஃப்ட் அருகில் நிற்கிறார். இதில் எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்?

முதல் செய்தியில் தப்பில்லை. வேலை விஷயம் அல்ல என்பதை மறைக்கவில்லை; மறுக்கவும் வழி விட்டிருக்கிறார். "வீட்டுல வேலை இருக்கு" என்ற பதிலில் வேறு நாள் எதுவும் சொல்லப்படவில்லை. நம் ஊரில் பெண்கள் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்வது அபூர்வம். நாளைக்கும் அதே அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் நாள் குறிக்காத மறுப்பை முழு மறுப்பாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லித்தர வேண்டும். பேஸ்புக்கும் கூகுளும் சக ஊழியரை ஒரு முறைதான் வெளியே அழைக்கலாம் என்று வைத்திருந்த விதி 2018-இல் செய்திகளில் வந்தது. "எனக்கு வேலை இருக்கு" போன்ற மழுப்பலான பதிலும் அதில் "வேண்டாம்" கணக்குதான். இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு எண் இல்லை. ஆனாலும் நிறுவனக் கொள்கையில் சேர்க்க இதைவிடத் தெளிவான விதி கிடைக்காது. மூன்றாவது செய்தி வரும்போது விருப்பம் என்ற கட்டம் தாண்டி, விளக்கம் கேட்கும் தொனி வந்துவிட்டது. லிஃப்ட் அருகில் நின்றது அலுவலகக் கொள்கையையும் தாண்டிய விஷயம். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 78, ஒரு பெண் தெளிவாக ஆர்வமின்மையைக் காட்டிய பிறகும் பழகும் நோக்கத்தோடு திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்பு கொள்வதைக் குற்றமாக்குகிறது. முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. விடாமல் துரத்தினால் பெண் மனம் மாறும் என்று தலைமுறை தலைமுறையாகத் திரையில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஒரு பிரிவையாவது நிதானமாக விளக்க வேண்டும். பயிற்சிகளோ இதை ஒரு புள்ளிவரியில் கடந்துவிடுகின்றன.

"நான் தப்பா எதுவும் நினைக்கல" என்ற பதிலையும் பயிற்சி நேரடியாக எடுத்துப் பேச வேண்டும். செய்தவரின் நோக்கத்தைவிட அந்த நடத்தை பெண்ணுக்கு எப்படிப் பட்டது என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இதைக் கேட்டதும் "அப்படியானால் யார் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா?" என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். அதற்கான பதில் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2015-இல் வெளியிட்ட கையேட்டிலேயே இருக்கிறது. விரும்பத்தக்கது, விரும்பத்தகாதது இரண்டையும் எதிரெதிரே வைத்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் இருவரும் பங்கெடுப்பது, சமநிலை, நிலைமை தன் கையில் இருக்கும் உணர்வு. மறுபக்கம் ஒருதலைப்பட்சம், அதிகாரம், இயலாமை. இலவசமாகக் கிடைக்கும் இந்த அட்டவணை, காசு கொடுத்து வாங்கும் பயிற்சியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மேலதிகாரி, கீழ் ஊழியர் விஷயம்தான் எல்லாவற்றிலும் கடினமானது. எந்தச் சூழ்நிலைகள் துன்புறுத்தலாகலாம் என்று சொல்லும் பிரிவு 3(2)-ஐ வரிக்கு வரி எடுத்துச் சொல்ல வேண்டிய இடம் இது. சலுகை தருவதாக வாக்கு, பாதகம் செய்வதாக மிரட்டல், வேலை நிலைமை பற்றிய மிரட்டல், வேலையில் குறுக்கிடுவது அல்லது அச்சமூட்டும் சூழலை உண்டாக்குவது, உடல்நலத்தையோ பாதுகாப்பையோ பாதிக்கும் அவமதிப்பு. முதல் மூன்றும் வெளிப்படையாக இருந்தாலும் சரி, மறைமுகமாக இருந்தாலும் சரி என்கிறது சட்டம். அந்த "மறைமுகம்" என்பதில்தான் மேலாளர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மேலாளர் எந்த மிரட்டலும் இல்லாமல் மரியாதையாகவே கேட்டிருக்கலாம். அந்தப் பெண் மறுத்தார். மூன்று மாதம் கழித்து அவருடைய ரேட்டிங் குறைந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று குழுவை நம்பவைக்க மேலாளரிடம் என்ன ஆவணம் இருக்கும்? அதனால் பயிற்சி சொல்ல வேண்டிய வரிசை இது: உங்களுக்கு ரிப்போர்ட் செய்பவரிடம் நீங்களாகக் கேட்காதீர்கள். விருப்பம் இரண்டு பக்கமும் இருப்பது தெரிந்தால், உறவு தொடங்கும் முன்பே எச்.ஆரிடம் எழுத்தில் சொல்லி ரிப்போர்ட்டிங்கை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது இடம்பெயர வேண்டியவர் மேலாளராக இருக்கட்டும். எப்போதும் பெண்ணையே வேறு அணிக்குத் தூக்கிப் போடுவது அவருக்குத் தண்டனையாகிவிடும். அப்ரைசல், சம்பள உயர்வு, விடுப்பு அனுமதி மூன்றும் உடனே வேறு கைக்குப் போக வேண்டும்.

காதல் முறிந்த பிறகு என்ன என்பது கிட்டத்தட்ட எந்தத் தொகுப்பிலும் இல்லை. ஆறு மாதம் காதலித்தார்கள், பெண் முடித்துக்கொண்டார். அதன்பின் வரும் "ஒரே ஒரு தடவை பேசலாம்" செய்திகள், பழைய படங்களை அனுப்புவது, நண்பர்களைத் தூது விடுவது எல்லாம் புதிதாகத்தான் எடைபோடப்படும். முன்பு சம்மதம் இருந்தது என்பது இன்றைக்குக் கேடயமாகாது. உள் குழுவின் முன் வரும் புகார்களில் இந்த வகையை விசாரிப்பது சிரமம். இருவரிடமும் நூற்றுக்கணக்கில் செய்திகள் இருக்கும். உறவு எந்தத் தேதியில் முடிந்தது என்பதே வாதமாகிவிடும். "இனி வேலை விஷயம் மட்டும் பேசலாம்" என்று ஒரே ஒரு தெளிவான செய்தியை எழுத்தில் அனுப்பி வைத்துக்கொள்ளுமாறு பயிற்சி சொன்னால் பாதிச் சிக்கல் தீரும்.

பிரிவு 10 சொல்லும் சமரசத்தையும் பயிற்சிகள் ஒளித்து வைத்ததுபோல் விட்டுவிடுகின்றன. புகார் தந்த பெண் கேட்டுக்கொண்டால் மட்டும், விசாரணைக்கு முன் குழு சமரசம் செய்துவைக்கலாம். பணம் கொடுத்து முடிப்பது கூடாது. எழுத்தில் மன்னிப்பு, இனித் தொடர்பு கொள்ளமாட்டேன் என்ற உறுதி போன்றவை போதும். ஒப்புக்கொண்டதைப் புகாருக்கு உள்ளானவர் மீறினால் விசாரணை தொடங்கும். குறிப்பைப் புரிந்துகொள்ளாமல் இரண்டாவது முறை கேட்டுவிட்டவருக்கும், அவருடைய வேலை போவதை விரும்பாத பெண்ணுக்கும் பொருத்தமான வழி இதுதான். "புகார் கொடுத்தால் அவன் வாழ்க்கையே போய்விடும்" என்ற தயக்கத்தில் வாய்மூடி இருப்பவர்கள் பலர். இந்த வழி இருப்பது தெரிந்தால் அவர்கள் முன்கூட்டியே வருவார்கள். குழுவோ எச்.ஆரோ தானாகச் சமரசத்தை முன்வைத்து அழுத்தம் தரக்கூடாது என்பதையும் அதே ஸ்லைடில் போட வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, பொய்ப் புகார் பற்றிய பிரிவு 14-க்குப் பெரிய சிவப்பு எழுத்தில் தனி ஸ்லைடு போடுகிறார்கள். ஆனால் அதே பிரிவு, புகாரை நிரூபிக்க முடியாமல் போனதற்காக மட்டும் பெண் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. கெட்ட நோக்கம் இருந்தது என்பது தனியாக விசாரித்து நிறுவப்பட வேண்டும். முதல் பாதியை மட்டும் காட்டும் பயிற்சி, புகார் தராதே என்று சொல்லித்தரும் பயிற்சிதான். இந்த ஒரு காரணத்துக்காகவே நிராகரிக்கலாம்.

பழைய சரக்கைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. குற்றவியல் பகுதியில் 354ஏ, 354டி, 509 என்று இந்தியத் தண்டனைச் சட்ட எண்கள் மட்டும் இருக்கின்றனவா? 2024 ஜூலை 1 முதல் நடக்கும் சம்பவங்களுக்கு அவற்றின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75, 78, 79 வந்துவிட்டன. இதைக்கூடத் திருத்தாதவர் வேறு எதையும் திருத்தியிருக்க மாட்டார். 2013 சட்டப்படி பாதிக்கப்பட்டவராகக் கருதப்படுபவர் பெண் மட்டும்தான் என்பதையும், ஆண்களுக்கும் திருநர்களுக்கும் நிறுவனம் தன் கொள்கையில் தனியே இடம் தரலாம் என்பதையும் சொல்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்த ஊழியர், பயிற்சி ஊழியர் எல்லோரும் சட்டத்துக்குள் வருகிறார்கள். இவர்களில் நிறுவன லாகின் இல்லாதவர்களை ஆன்லைன் பயிற்சி எட்டுவதே இல்லை.

யாருக்கு இது போதும்? எல்லா ஊழியருக்கும் அடிப்படைச் சட்டத்தைச் சொல்ல, புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் வாரத்தில் காட்ட, போதும். மேலாளர்களுக்குப் போதாது. அவர்களை இருபது, இருபத்தைந்து பேர் கொண்ட குழுவாக உட்காரவைத்து, உள் குழுவின் வெளி உறுப்பினரை வரவழைத்து, மேலே சொன்னதுபோன்ற செய்திப் பரிமாற்றம் ஒன்றை ஒன்றரை மணி நேரம் விவாதிக்கவிடுங்கள். எந்த வரியில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவார்கள். அந்த வாக்குவாதத்தில் நடக்கும் கற்றல் எந்த ஸ்லைடிலும் நடக்காது.

விற்பனையாளர் டெமோ காட்ட வரும்போது முதல் ஸ்லைடிலிருந்து பார்க்காதீர்கள். தேர்வுக் கேள்விகளைத் திறக்கச் சொல்லுங்கள். "ஆம் / இல்லை" கேள்விகளே நிறைந்திருந்தால் மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். அடுத்து பிரிவு 10, பிரிவு 14, பிரிவு 3(2) ஸ்லைடுகள். கடைசி ஸ்லைடில் உங்கள் உள் குழு உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி எண், புகார் தர வேண்டிய மின்னஞ்சல், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவின் விவரம், மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையப் புகார் தளம் எல்லாவற்றையும் சேர்த்துத் தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். குழு உறுப்பினர் மாறும்போது அந்த ஸ்லைடைத் திருத்தித் தருவது யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்கட்டும்.