சைதாப்பேட்டை பத்திர எழுத்தர் கடை: 200 ரூபாய்ல தாத்தாவோட அம்மா பேர் கிடைச்சுது

குடும்ப மரம் போடணும்னு ஆசை இருக்கு, கையில காசு இல்லைங்கறவங்களுக்காக எழுதறேன். நான் முதல்ல ஒரு வெளிநாட்டு சைட்ல மூணு மாசம் சந்தா கட்டினேன், ஒரு பேர் கூட தேறல. எடுத்த எடுப்புல குடும்பப் பேர் என்னன்னு கேக்குது, நமக்கு இருக்கறது இனிஷியல், அது அப்பாவோட நின்னுடும். ஊருக்கு மெட்ராஸ்னு போட்டேன், ஆனா சைதாப்பேட்டை 1946 வரைக்கும் மெட்ராஸ்ல சேத்தியே இல்ல, செங்கல்பட்டு ஜில்லா. இது பின்னாடிதான் தெரிஞ்சுது.

அப்புறம் அத்தை வீட்டு டிரங்க் பெட்டியில தாத்தா ஜாதகமும் ஒரு பழைய பத்திரமும் கிடைச்சுது. பத்திரத்துல எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்து எழுதின கூட்டெழுத்து, எனக்கு ஒரு வரி படிக்க வரல. ரிஜிஸ்தர் ஆபீஸ் பக்கத்து சந்துல ஒரு பெரியவர் பத்திர எழுத்தர் கடை வச்சிருக்கார், ஒரு டேபிள், ரெண்டு ஸ்டூல், அவ்ளோதான். "அய்யா, இத படிச்சு மட்டும் சொல்லணும், எழுத வேணாம்"னேன். "உக்காரும்மா"ன்னு சொல்லி, மடிப்பு கிழியாம மெதுவா பிரிச்சு, டியூப்லைட்டுக்கு நேரா தூக்கிப் பிடிச்சு, விரல் வச்சு சத்தமா படிக்க ஆரம்பிச்சார்.

அது 1938ல எழுதின பாகப்பிரிவினை பத்திரம். இந்த வகை பத்திரம் கிடைச்சா விடாதீங்க, கிரயப் பத்திரத்துல வித்தவர் வாங்கினவரோட முடிஞ்சுடும், பாகப்பிரிவினையில யாருக்கு யார் மகன், யார் மூத்தவர், யார் செத்துட்டார், எல்லாமே வந்துடும். நான் கிறுக்கல்னு நெனச்ச ௵, ௴, ௳ எல்லாம் வருஷம், மாசம், தேதியாம், ௹ன்னா ரூபாயாம். ஜாதகத்துல விரோதிகிருது ௵ன்னு இருந்துச்சு, அது 60 வருஷத்துக்கு ஒரு தடவ வரும், 1851ஆ 1911ஆன்னு குழம்பிக் கிடந்தேன். பத்திரத்துல தாத்தாவுக்கு வயசு சுமார் 26ன்னு போட்டிருந்தாங்க, அப்ப 1911தான்.

சக்குபந்தி, அதாவது சொத்தோட நாலு பக்க எல்லை விவரம் வந்தப்போ "இன்னார் வீட்டுக்கு மேற்கு"ன்னா அந்த வீடு நமக்கு கிழக்கால இருக்குன்னு அர்த்தம்னு ஒரு பேப்பர்ல கட்டம் போட்டே காட்டினார். கடைசியில தாத்தாவோட தம்பி மைனர், அவருக்காக "தாயும் கார்டியனுமான" அப்படின்னு ஒரு அம்மா பேர் வந்துச்சு, பக்கத்துல கைநாட்டு. தாத்தாவோட அம்மா. எங்க அப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டவங்க, வீட்ல யாருக்கும் பேர் தெரியாது.

ஆனா அந்தப் பேர் எனக்குத் தெரியும், அத்தையோட ரேஷன் கார்டுல இருக்கற பேர் அது. வீட்ல எல்லாரும் அவங்கள பாப்பான்னுதான் கூப்பிடுவோம். அங்கிருந்தே போன் போட்டேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "மாமியார் பேராச்சே, அதான்டி எங்கம்மா சாகற வரைக்கும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல"ன்னாங்க. எனக்கு அந்த ஸ்டூல்லயே அழுகை வந்துடுச்சு, பெரியவர் டீ சொல்லி விட்டார்.

மொத்த செலவு அவருக்கு 200, ஜெராக்ஸ் 40. ஒரே குறை, முகூர்த்த நாள்ல போனா பதிவுக் கூட்டம் அம்மும், அவரால உங்களுக்கு நேரம் ஒதுக்க முடியாது, காலண்டர் பாத்துட்டுப் போங்க. பத்திரத்த லேமினேஷன் பண்ணிடாதீங்க, ஒருதடவ ஒட்டினா பிரிக்க முடியாது, முதல்ல போன்ல ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க. பின்னாடி சீல்ல பத்திர நம்பர், வால்யூம், பக்கம் இருக்கும், ஒரிஜினல் வீணாப் போனாலும் அத வச்சு பதிவான ஆபீஸ்ல நகலுக்கு மனு போடலாம். பதிவுத்துறை சைட்ல வில்லங்கம், அதாவது ஒரு சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல் பாக்கறதும் ஃப்ரீ, கொஞ்சம் பிந்தின வருஷத்துக்கு உதவும். குடும்ப மரத்த ஃபேமிலிசர்ச்ங்கற சைட்ல போட்டு வச்சிருக்கேன், அதுக்கும் காசு கிடையாது, உயிரோட இருக்கறவங்க விவரம் வெளி ஆளுங்களுக்குத் தெரியாது.

5க்கு 5. அடுத்த வாரம் அத்தையையும் கூட்டிட்டுப் போறேன், அந்த கைநாட்ட அவங்களே பாக்கணுமாம்.